அக்கா பேரில் இருந்த செல்போன்கள்

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். அதில் பாதி இடங்கள் எவையென்று அவளுக்கே தெரியாது. என் பங்குக்கு நானும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம். மரக்காணத்தில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நானும் என் மனைவியும் வீடு தேடி அந்தத் தெருவுக்குப் போனது 2004இல், மழைக்காலத்துக்கு முன்பு. அவளுக்கு அங்கே அங்கன்வாடியில் வேலை கிடைத்திருந்தது. எனக்குத் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. பஸ்ஸில் போய் வந்துவிடலாம். அவள் கிறிஸ்தவப் பெண், நான் இல்லை. இரண்டு வீட்டிலும் எங்களைக் கைகழுவிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் முதலில் என் பெயரைக் கேட்பார்கள், அப்புறம் அவள் பெயரைக் கேட்பார்கள், அப்புறம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். அன்று மரக்காணத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டியிராத வீடே இல்லை.

குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண், உப்பளத்திலிருந்து நேராக வந்தவள் போலிருந்தாள், எங்களைக் கூப்பிட்டாள்.

"இன்னாபா, காலைலேருந்து சுத்திச் சுத்தி வர்றீங்க. வூடு பாக்கறீங்களா?"

நான் சொன்னேன். முழுக்கதையையும் அவள் கேட்கவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எங்களை ஒரு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலையில் பெயிண்ட் என்று சொன்ன அதே வீடு.

"நம்ம தம்பிதாங்க. எம் பேர எழுதிக்குங்க. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா நான் பாத்துக்கறேன்" என்றாள். வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்களை அவளுக்குத் தெரிந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதுதான் அக்கா. மற்றவர்கள் சோறு கொடுப்பார்கள், துணி கொடுப்பார்கள். அவள் பெயரைக் கொடுப்பாள். "எம் பேரச் சொல்லு" என்பது அவள் வாயில் எந்நேரமும் இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்துகிறாளா, எம் பேரச் சொல்லு. கண்டக்டர் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்கிறானா, எம் பேரச் சொல்லு. வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கார்டியன் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அஞ்சாவது வரை படித்தவள். கையெழுத்தைப் பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகும்படி போடுவாள்.

இதெல்லாம் தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வேலை முடிந்து திரும்பி வந்தவனைச் சும்மா விடமாட்டாள். "எம் பேரச் சொன்னதும் இன்னா சொன்னான்? மூஞ்சி எப்டி ஆச்சு?" என்று குடைவாள். நான் ஒருமுறை கடுப்பில், "ஒண்ணும் ஆவலக்கா, யாருன்னு கேட்டான்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அக்காவின் கணவர் இறந்து பல வருடமாகியிருந்தது. ஒரே மகள், பாண்டியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெருமுக்கல்லில் ஒரு தங்கை. அந்தத் தங்கை மகளிர் குழுவில் ஏதோ லோனுக்கு ஜாமீன் கேட்டாள் என்று அக்கா தன் ரேஷன் கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கார்டு அங்கே இருந்தபோதுதான் டிசம்பரில் கடல் உள்ளே வந்தது.

அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் தண்ணீர் ஜன்னல்வரை ஏறி இறங்கியது. உயிர் போனவர்கள் கரையோரத்தில். எங்களுக்குப் பாத்திரங்கள் போயின, பெட்டிகள் போயின, காகிதமென்று இருந்ததெல்லாம் கூழாகிப் போயிற்று. சேறு வழித்துப்போட்ட தெருவில், எழுத்து அழியாத ரேஷன் கார்டு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. பெருமுக்கல்லில் பத்திரமாக இருந்த அக்காவின் கார்டு.

புதுக் கார்டு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு முன்பே எல்லோருக்கும் செல்போன் ஆசை வந்துவிட்டது. ஆசை என்று சொல்வது தப்பு. பயம். உப்பளத்தில் நிற்பவர்களுக்குக் கடல் தெரியாது. வீட்டில் பிள்ளைகளும் கிழவர்களும் இருப்பார்கள். "மறுபடி உள்ள வந்தா யாரு சொல்றது?" என்பதுதான் தெருவின் ஒரே கேள்வி. அதனால் வீட்டில் ஒன்று, உப்பளத்தில் ஒன்று. பழைய செட்டு பாண்டியில் மலிவாகக் கிடைத்தது. சிம் கார்டுக்குத்தான் அடையாளச் சான்று வேண்டும்.

அக்கா சும்மா இருப்பாளா? கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். ஸ்டுடியோவில் எடுத்த ஒரே போட்டோவைக் கை நிறையக் காப்பி போட்டு வந்தாள். யார் வந்து நின்றாலும் ஒரு போட்டோ, ஒரு ஜெராக்ஸ், ஒரு பெரிய கையெழுத்து. கடைக்காரனுக்குச் சிம் போனால் போதும். வாங்குபவன் தாடி வைத்திருந்தால் என்ன, போட்டோவில் புடவை கட்டியிருந்தால் என்ன. கொஞ்ச நாளில் எங்கள் தெருவின் செல்போன்கள் அத்தனையும் அக்கா பேரில் இருந்தன. என்னுடையதும்தான். என் கார்டும் கூழாகிப் போயிருந்தது.

அந்தப் போன்களை அவர்கள் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே. உப்புக்காற்று பட்டால் செட்டு போய்விடும். பால் கவர் மாதிரி பாலிதீனில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, பெண்கள் ரவிக்கைக்குள்ளும் ஆண்கள் தலைப்பாகைக்குள்ளும் வைத்திருப்பார்கள். உப்புப் பாத்திக்குள் சிக்னல் வராது. மணி அடித்தால் கூடையை இறக்கிவிட்டு உப்புக்குவியல்மேல் ஏறி நின்று, பாலிதீனுக்கு மேலேயே காதை வைத்துக் கத்துவார்கள். வீட்டிலிருந்து கிழவர் பேசுவார். "ஒண்ணும் இல்ல, சும்மாதான், கடல் அங்கயேதான் இருக்குது." இதைக் கேட்டுவிட்டு இறங்கி மறுபடி கூடையைத் தூக்குவார்கள்.

2005 கோடையில் கூலி தகராறு வந்தது. உப்பளக்காரர்கள் ஏற்றிக் கொடுக்க மறுத்தார்கள், ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. ஒரு பகல்நேரம், ஆளில்லாத உப்பளம் ஒன்றில் இன்ஜின் ஷெட் எரிந்தது. கீற்றுக் கொட்டகைதான், உள்ளே ஆயில் இன்ஜின். யார் வைத்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தின நாள் அந்த முதலாளி வீட்டுக்கு ஒரு போன் போயிருக்கிறது. கூலியைக் கொடு, இல்லாவிட்டால் ஷெட்டு இருக்காது என்று ஒரு ஆண் குரல். போலீஸ் அந்த நம்பரைத் தேடியது. சிம் கம்பெனிக்காரன் பெயரும் விலாசமும் கொடுத்தான். அக்கா.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். வக்கீல் ஆபீஸ் ஆள் என்று தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்காவை உட்காரச் சொன்னார்.

"இந்த நம்பர் உன்துதானே?"

"எந்த நம்பருங்க?"

"எந்த நம்பரா? எத்தினி வெச்சிருக்க நீ?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அக்காவின் நம்பர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் எந்த டவரின் கீழே இருந்தது என்பதும் இருந்தது போலிருக்கிறது.

"ஏம்மா, ஒரே நேரத்துல நீ திண்டிவனத்துல இருக்க, பாண்டியில இருக்க, உப்பளத்துல இருக்க. இன்னா நீ, சாமியா?"

"அல்லாம் நம்ம புள்ளைங்கதாங்க" என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன கர்வம் இருந்தது. நான் காலால் அவள் காலை மிதித்தேன். "எதுக்குப்பா மிதிக்கற?" என்று சத்தமாகக் கேட்டாள்.

மிரட்டல் போன நம்பரை அவர் வாசித்தார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். உப்பு லாரிக்கு லோடு ஏற்ற வந்த ஒருவனுக்கு வாங்கிக் கொடுத்தது. உயரமாக இருப்பான். வந்தவாசிப் பக்கம். தகராறு வந்ததும் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

"பேரு?"

"தெரியலீங்க."

"பேரு தெரியாதவனுக்கு எப்டிம்மா சிம் வாங்கிக் குடுப்ப?"

"அவன் பொண்டாட்டி ஊர்ல மாசமா இருந்திச்சிங்க. பேசணும்னு நின்னான். எம் பேரக் குடுத்துட்டேன். அப்புறம் அவன் பேரு எதுக்கு?"

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். கூட இருந்த ஏட்டும் சிரித்தார். பிறகு எஸ்.ஐ. சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "மறைக்காத. சொல்லிடு, உனக்கு நல்லது" என்றார். அவள் மறைக்கவில்லை. அவள் சொன்னது அட்சரத்துக்கு அட்சரம் உண்மை. அதை நம்பும்படி யாருக்கும் எடுத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நானே போலீசாக இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அடிக்கடி கூப்பிட்டார்கள். அக்கா வீட்டெதிரில் டீக்கடை பெஞ்சில் மஃப்டியில் ஒருவர் வந்து உட்கார ஆரம்பித்தார். ஒரே பேப்பரை மத்தியானம்வரை படிப்பார். யார் அக்கா வீட்டுக்குள் போகிறார்கள் என்று பார்ப்பார். அக்கா அவருக்குச் சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அதையும் எழுதியிருப்பாரோ என்னவோ.

தெரு பயந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பின்பக்கமாக வந்து, "எங்கிட்ட இருக்கறது உன்துன்னு சொல்லிடாதக்கா" என்று கேட்டுக்கொண்டார்கள். பலர் சிம்மைக் கழற்றி உப்புத் தண்ணீரில் எறிந்தார்கள். நானும் எறிந்தேன். அக்கா பேரில் வாங்கியதில் கடைசியில் பேசிக்கொண்டிருந்தது அக்காவின் சொந்த நம்பர் மட்டும்தான். கிழவர்கள் பழையபடி வாசலில் உட்கார்ந்து கடல் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டார்கள்.

இதுவரை இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். மகள் விஷயம் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

மகள் படிப்பை முடித்திருந்தாள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகியிருந்தது. பாஸ்போர்ட் கிடைத்தால் கிளம்பிவிடலாம். அந்தப் பெண்ணுக்கு வேறெதிலும் ஆசை இருந்ததாக நான் பார்த்ததில்லை. அம்மாவை உப்பளத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அது ஒன்றுதான். போலீஸ் விசாரணைக்கு வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். அதன்பின் பாஸ்போர்ட் வரவில்லை. அலைந்து திரிந்து கேட்டதில், "ரிப்போர்ட் சரியில்ல" என்று மட்டும் ஒரு ஆபீசில் சொன்னார்கள். என்ன சரியில்லை என்று கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த கெடு முடிந்துபோயிற்று. அந்த இடத்துக்கு வேறொரு பெண் போய்விட்டாள்.

அன்று மகள் கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஊருக்கே பேரு குடுத்தியே. எனக்கு இன்னாம்மா குடுத்த?"

நானும் என் மனைவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. அக்கா குழம்பை ஊற்றினாள். தட்டு நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பேப்பரில் படித்துவிட்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அரசாங்கம் எழுதி வைத்திருப்பதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். எங்கள் வக்கீலிடம் காட்டினேன். "போடுய்யா, டைப் அடிக்கற கை உன்துதானே" என்றார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கு இருந்தது. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள், அதன் நகலைக் கொடுங்கள் என்று அக்கா கேட்பதாக மனு அடித்தேன். மகளின் விசாரணை அறிக்கைக்கு, மகள் பேரில் இன்னொன்று. அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். இந்தமுறை கோட்டுக்குள் அடங்கிய சின்னக் கையெழுத்து.

பதில் வந்தது. அதுவரை அரசாங்கம் அக்காவுக்குக் கடிதமே போட்டதில்லை. அவள் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "படிப்பா, மெதுவா படி" என்றாள். விசாரணை நிலுவையில் இருப்பதால் கோரிய தகவலை வழங்க இயலாது. மகளுக்கும் அதே பதில். மேல்முறையீடு செய்தேன். தகவலை வைத்திருக்கும் பிரிவுக்குச் சட்டத்திலிருந்து விலக்கு இருப்பதாகப் பதில் வந்தது.

"விலக்குன்னா இன்னா தம்பி?"

"அவங்கள மட்டும் கேக்கக் கூடாதாம்."

"அவங்க என்னைக் கேக்கலாம்."

"கேக்கலாம்."

அவள் கொஞ்சநேரம் அந்தத் தாளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "எம் பேரு சரியா போட்டிருக்கானுங்களா?" என்று கேட்டாள். சரியாகத்தான் போட்டிருந்தார்கள். இனிஷியல்கூடத் தப்பில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? எங்கே போனாலும் ஒரு கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் வேலைக்குப் புதிதாக வந்த ஒரு அப்பாவி கிளார்க். அவனுக்கும் ஒன்றும் தெரியாது.

கடைசியில் வழி சொன்னது பாண்டியிலிருந்த ஒரு டிராவல் ஏஜெண்டு. பெண்ணைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெருமுக்கல் விலாசத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அங்கிருந்து புதிதாக மனுப் போடட்டும். அது வேறு ஸ்டேஷன். அம்மா அந்தப் பக்கம் நடமாட வேண்டாம். போனிலும் பேச வேண்டாம். அம்மா நம்பரை யாராவது கவனித்துக்கொண்டிருந்தால் பெண்ணின் நம்பரும் அதோடு மாட்டிக்கொள்ளும். வெளிநாடு போன பிறகும் கொஞ்ச காலம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அந்த ஆளின் கற்பனை என்று எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் வந்துவிட்டது என்பது மட்டும் நிஜம். 2006இல் மகள் குவைத்துக்குப் போனாள், வேறொரு ஆஸ்பத்திரிக்கு. அக்கா விமான நிலையத்துக்குப் போகவில்லை. அன்று உப்பளத்தில் வேலை செய்தாள். மகள் போய்ச் சேர்ந்த சேதி பெருமுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு ஆள் மூலமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு விடுமுறை நாட்களில் மகள் சித்தியின் போனுக்குப் பேச ஆரம்பித்தாள். அக்கா அந்த நாட்களில் பெருமுக்கல்லுக்குப் போய்விடுவாள். போகும்போது தன் போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிடுவாள். பஸ்ஸில் போனால் அதுவும் கூடவே வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருமுறை நானும் போனேன்.

பஸ்ஸில் கேட்டேன். "போனைத்தான் வீட்ல வெச்சிட்டியே. தங்கச்சி போன்ல ரெண்டு வார்த்தை பேசினா இன்னாக்கா?"

"கொரலு பதிஞ்சிடும் தம்பி."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கேட்கிறார்களா இல்லையா என்று எழுதிக் கேட்கலாம். என்ன பதில் வரும் என்பதுதான் தெரியும்.

தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி டின்மேல் வைத்தாள். அக்கா அதற்குப் பக்கத்தில், தரையில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் குரல் வந்தது.

"சித்தி, சாப்டியா? வூட்ல யாருனா வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்க கண்ணு."

மகள் தன் அறையைப் பற்றிச் சொன்னாள், கூட இருக்கும் மலையாளிப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள், அங்கே கிடைக்கும் ரொட்டியைப் பற்றி ரொம்பநேரம் சொன்னாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அப்புறம் கேட்டாள்.

"கால் வெடிப்பு எப்டி இருக்குது சித்தி? மருந்து போடுறியா?"

தங்கை உப்பளத்தில் கால் வைத்ததே இல்லை. அவள் பாதம் வழவழவென்றிருந்தது. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"போடுறேன் கண்ணு" என்றாள் தங்கை.

"பொய் சொல்லாத" என்றாள் மகள்.

அக்கா முந்தானையை இன்னும் கொஞ்சம் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.